இலைச்சாற்றைச் செல் உருண்டையில் சோதிக்கும் முறை

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் இலைச்சாறுகளைப் புற்றுநோய்ச் செல்களில் சோதிக்கும் டெல்டா மாணவர்கள், தட்டின் அடியில் ஒற்றை அடுக்காகப் பரவிய செல்கள் மடிவதோடு நின்றுவிடாமல், அதே சாற்றை, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்துபோல் திரளும் முப்பரிமாண உருண்டையிலும் சோதிக்க வேண்டுமென்பது என் வேண்டுகோள். கட்டிக்குள் இரத்தக்குழாயிலிருந்து ஏறத்தாழ 150 முதல் 200 மைக்ரோமீட்டர் தாண்டினால் பிராணவாயு குன்றுகிறது. அங்குள்ள செல்கள் பிரிவதை நிறுத்துவதால், பிரியும் செல்களையே தாக்கும் மருந்துகளுக்குத் தப்பிவிடுகின்றன. ஒற்றை அடுக்கில் காணாத இந்த நிலையை உருண்டை ஓரளவு காட்டும்.

தொடங்குவோருக்கு எம்.சி.எஃப்-7 மார்பகப் புற்றுச் செல்கள் ஏற்றவை. புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் பெறலாம். கிருமிநீக்கிய 1.5 சதவீத அகரோஸ் (ஆறினால் கூழாக உறையும் கடற்பாசிப் பொருள்) கரைசலைச் சூடாறும் முன்பே 96 குழித் தட்டில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர் விடவும். அது ஓரச் சுவரில் சற்றே ஏறி, நடுவில் கிண்ணம்போல் குழிந்து உறையும். ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்காத செல்கள் அந்தக் குழிவில்தான் திரள்கின்றன என்பதால், குமிழி விழுந்த குழிகளைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். பிறகு 150 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் (செல் வளர்க்கும் சத்துத் திரவம்) 2,000 செல்களை இட்டு, குறைந்த வேகத்தில் மையவிலக்கி, 37 டிகிரியில் 5 சதவீதக் கரியமில வாயுவில் நான்கு நாள் அசைக்காமல் வைக்கவும். ஓரக் குழிகள் விரைவில் வற்றுமாதலால் அவற்றில் உப்புக்கரைசல் மட்டும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூஞ்சை எளிதில் தொற்றும்; இன்குபேட்டரின் நீர்த்தட்டை வாரந்தோறும் மாற்றுவது அவசியம்.

இரண்டாம் நாள் நுண்ணோக்கியில் பிசிறாகத் தெரியும் விளிம்பு, நான்காம் நாள் வழவழப்பாகி, நடுப்பகுதி கறுத்திருக்கும். ஒத்த விட்டமுள்ள உருண்டைகளையே தேர்ந்தெடுங்கள்.

பாதி ஊடகத்தை மெல்ல உறிஞ்சி, இருமடங்கு செறிவுள்ள சாற்றை அதே அளவு சேர்க்கவும். அகரோஸும் சாற்றைச் சிறிது ஈர்க்கும் என்பதால் எல்லாக் குழிகளிலும் அகரோஸின் அளவு ஒன்றாக இருப்பது முக்கியம். சாற்றைக் கரைத்த கரைப்பான் மட்டும் இட்ட குழிகளும், டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இட்ட குழிகளும் ஒப்பீட்டுக்கு வேண்டும்.

மூன்று நாள் கழித்து அளவிடும்போது, உயிருள்ள செல்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதை அளக்கும் எம்.டி.டி. முறையைத் தவிர்க்கவும். தாவரப் பாலிஃபீனால்கள் செல்களின் உதவியின்றியே அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும். உருண்டையின் உட்புறம்வரை சாயம் சீராக ஊடுருவுவதும் இல்லை. உயிருள்ள செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை ஒளியாக அளக்கும் ஏ.டி.பி. ஒளிர்வு முறையில், உருண்டை முழுதும் சிதையுமாறு நன்கு குலுக்கியபின் அளவிடவும். கூடவே கால்சீன்-ஏ.எம்., புரொபிடியம் அயோடைடு சாயமிட்டால் உயிருள்ளவை பச்சையாகவும் இறந்தவை சிவப்பாகவும் தெரியும். பெரிய உருண்டைகளில் மருந்து படாமலே நடுச்செல்கள் மூச்சுமுட்டி இறந்திருக்கும். ஆகவே கரைப்பான் குழியின் சிவப்போடு ஒப்பிடாமல் எந்தச் சிவப்பையும் சாற்றின் கணக்கில் எழுதலாகாது.