கலைப்புல முனைவர் பட்ட ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வகத்துக்குள், நெறியாளரின் பெரிய திட்டம் ஒன்றின் பகுதியாக நுழைகிறார். இலக்கியம், வரலாறு, மெய்யியல், கலை வரலாறு போன்ற துறைகளில் சேர்பவரோ கேள்வியையும் சான்றுகளையும் பெரும்பாலும் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை அருகிலிருந்து பார்ப்பவர் எவருமில்லை. அதனால் முதலாண்டில் செய்த தவறு பல நேரங்களில் மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகிறது.

இவற்றுள் மிக அதிக விலை கொடுக்க வைப்பது, எல்லாவற்றையும் படித்து முடித்தபின் எழுதத் தொடங்கலாம் என்ற எண்ணம். கலைப்புலத்தில் வாதம் எழுதும்போதுதான் உருப்பெறுகிறது. ஒரு கவிஞரின் இயற்கை வருணனை அவருடைய அரசியல் நிலைப்பாட்டைக் காட்டுகிறது என்று நம்பி இரண்டாண்டுகள் குறிப்பெடுத்தவர், முதல் இயலை எழுத உட்காரும்போதுதான், அந்தக் கவிதைகள் அவ்வளவு பெரிய முடிவைத் தாங்கமாட்டா என்று காண்கிறார். ஆறாம் மாதத்தில் பத்துப் பக்கம் எழுதிப் பார்த்திருந்தால் அது அப்போதே தெரிந்திருக்கும். முக்கியமான ஒவ்வொரு மூலத்துக்கும் படித்த வாரத்திலேயே இரண்டு பக்கம் எழுதி வைப்பது போதுமான தொடக்கம். முன்னுரையை முதலில் எழுத முயல்வதும் வீண் உழைப்பே. ஆய்வேடு எதைச் சொல்கிறது என்பது பிற இயல்கள் முடிந்த பின்னரே ஆய்வாளருக்குத் தெளிவாகிறது.

தலைப்பு அகலமாக இருப்பது இதோடு ஒட்டிய சிக்கல். 'நாவல்களில் பெண்' என்பது ஒரு பரப்பு. அதில் கேள்வி இல்லை. தொடர்கதையாக வெளிவந்த நாவல்கள் நூலாகும்போது அவற்றின் முடிவுகள் ஏன் மாற்றப்பட்டன என்று ஒரு குறிப்பிட்ட பத்தாண்டை எடுத்துக்கொண்டு கேட்டால், எந்த இதழ்களைப் பார்க்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிடும். பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டின் உச்ச அளவு 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை. ஆறு இயல்களாகப் பிரித்தால் ஓர் இயலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 15,000 சொற்கள்தான். ஒரு நூற்றாண்டின் இலக்கியம் அதற்குள் அடங்காது. முன்னாய்வுகளைப் பற்றிய பகுதியிலும் இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று அடுக்குவதை விட்டு, அறிஞர்கள் எந்தப் புள்ளியில் முரண்படுகிறார்கள் என்பதைச் சுற்றி எழுத வேண்டும்.

ஆவணக் காப்பகத்தில் நேரும் தவறுகள் அற்பமானவை போலத் தோன்றினாலும் பின்னர் திருத்த இயலாதவை. பக்கங்களை வேகமாகப் படமெடுத்துக்கொண்டு, பெட்டி எண்ணையும் கோப்பு எண்ணையும் குறிக்காமல் திரும்புகிறவர், கடைசி ஆண்டில் ஓர் அடிக்குறிப்பை முடிக்க வழியின்றி நிற்கிறார். கோப்பின் முகப்புச் சீட்டை முதலில் படமெடுத்துவிட்டு உள்ளே போவது நல்ல பழக்கம். எந்த ஆவணங்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றன என்பதையும் பயணத்துக்கு முன்பே கேட்டறிய வேண்டும்: பிரிட்டனில் அரசு ஆவணங்களைத் திறப்பதற்கான 30 ஆண்டுக் காலமே 2013 முதல் படிப்படியாகத்தான் 20 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. குறிப்பேட்டில் மேற்கோளையும் தம் சொந்தச் சொற்களையும் பிரித்துக் காட்டாமல் எழுதுவது இன்னும் ஆபத்தானது. ஈராண்டு கழித்துப் பிறர் வாக்கியம் தம்முடையதாகவே தோன்றும், வேண்டுமென்றே செய்யவில்லை என்பது கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டுக்கு ஒரு காப்பாகாது. படித்த நூல்களின் விவரங்களைச் சேமித்து அடிக்குறிப்புகளுக்குத் தரும், 2006இல் வெளிவந்த ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளை முதல் வாரத்திலிருந்தே பயன்படுத்தலாம். ஆனால் அது தானாகத் திரட்டும் விவரங்களில் பதிப்பாசிரியர் நூலாசிரியராகவும், மறுபதிப்பு ஆண்டு முதற்பதிப்பு ஆண்டாகவும் மாறியிருக்கக்கூடும் என்பதால், அவற்றை அப்படியே நம்பலாகாது.

நெறியாளரிடம் மெருகேற்றிய பக்கங்களை மட்டுமே காட்டுவது என்று பலர் தீர்மானித்துக்கொள்கிறார்கள். எதுவும் எழுதவில்லை என்பதால் சந்திப்பைத் தள்ளிப்போடுவதும் அதன் விளைவே. சந்திப்பு மிகத் தேவைப்படுவது அந்த மாதத்தில்தான். பேசி முடிவெடுத்தவற்றை அன்றே நாலு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிட்டால், ஆறு மாதத்துக்குப் பின் யார் என்ன சொன்னார் என்ற வழக்கு எழாது. கருத்தரங்கு அழைப்புகளைப் பொறுத்தவரை என் அளவுகோல் எளியது: கட்டுரை ஓர் இயலின் வரைவாகப் பயன்படாது என்றால் மறுத்துவிடலாம்.

அனுமதிகளைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பதை ஏனோ எவரும் தவறாகவே கருதுவதில்லை. நேர்காணல் எடுப்பவர் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். எடுத்து முடித்த நேர்காணலுக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் தரமாட்டார்கள். ஒரு கடிதம் காப்பகத்துக்குச் சொந்தமாக இருக்கலாம், ஆனால் அதை அச்சிடும் உரிமை பெரும்பாலும் எழுதியவரின் வாரிசுகளிடம் இருக்கும். பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி பொதுவாகப் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் நீடிக்கும். பல நாடுகளில் அது 70 ஆண்டுகள். தேர்வுக்காகச் சேர்த்த படமும் நீண்ட மேற்கோளும், ஆய்வேடு இணையக் களஞ்சியத்தில் ஏறும்போது தனி அனுமதி கோரக்கூடும். ஆய்வை நூலாக்க விரும்புபவர், குறிப்பிட்ட காலம் அதைப் பொதுப் பார்வைக்கு வைக்காதிருக்கும்படி, சமர்ப்பிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும்; ஏறிய பின் விலக்கச் சொல்வது எளிதல்ல.