முதல் ஜாக்கெட் பிட்டை வெட்டுவதற்கு முன்

ஃபேஷன் டிசைன் முதல் வருடம் படிக்கும்போது, அக்கா கல்யாணத்துக்கு எடுத்த திருபுவனம் பட்டின் ஜாக்கெட் பிட்டை "நானே தைத்துத் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். கையில் கரை வரவேண்டும் என்பதால் துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்து, காகித வடிவத்தை வைத்து ஒரு கை வெட்டினேன். வடிவத்தைத் திருப்பிப் போடாமல் அப்படியே நகர்த்தி வைத்து அடுத்த கையையும் வெட்டினேன். இரண்டும் இடது கை. பின்பக்கம் ஜரிகை இழை தெரியும் துணி என்பதால் புரட்டிப் போட்டும் தைக்க வழியில்லை. அக்கா இன்றைக்கும் சொந்தக்காரர்கள் நடுவே இதை எடுத்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில் ஸ்கெட்ச் புக்கில் நன்றாகவே வரைவேன். கைதான் பழகவில்லை. கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் இந்தப் படிப்பில் சேரும் தங்கைகள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இந்த வரிசையைத்தான். நல்ல துணி கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் பழைய நோட்டுத் தாள், தையல்கடைப் பிட்டுத் துணி, காடா துணி (வெளுக்காத, சாயம் போடாத மலிவான பருத்தி) போதும்.

படி 1: சாமான்

கடையில் விற்கும் பெரிய செட் வேண்டாம். அங்குலமும் சென்டிமீட்டரும் இருக்கும் டேப், நல்ல கத்தரி ஒன்று, காகிதத்துக்குத் தனியாக மலிவான கத்தரி ஒன்று, சாக், குண்டூசி, நீள ஸ்கேல், தையல் பிரிக்கும் கருவி. துணிக் கத்தரியால் காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும். அதை வீட்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள், அம்மா பால் பாக்கெட் வெட்டக் கேட்டாலும் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் கத்தரியும் குண்டூசியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு ஏறிய குண்டூசி காடாவில் போடும் கறை போகவே போகாது. வேலை முடிந்ததும் கத்தரியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள்.

படி 2: நூல் இல்லாமல் மெஷின்

பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது. வீட்டில் கால் மெஷின் இருந்தால் கைச்சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்துங்கள். இப்போது ஊசி அசையாது, சக்கரம் மட்டும் சுற்றும். கையால் சக்கரத்தை உங்கள் பக்கமாகத் தள்ளிவிட்டு, பெடலை மிதித்து அதே திசையில் ஓட்டிக்கொண்டே இருங்கள். தொடங்கும்போது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும், அறுந்தும் போகும். திசை தவறாமல் பத்து முறை நிறுத்தித் தொடங்க வரும்வரை திருகை இறுக்க வேண்டாம்.

அடுத்து, மழுங்கிய பழைய ஊசி ஒன்றைப் போட்டு, நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளைத் தையுங்கள். முதலில் கோட்டின் மேலேயே. பிறகு சதுரம், அப்புறம் வட்டம், கடைசியில் கோலம் போல உள்ளே சுருண்டு போகும் வளைவு. மூலை வந்ததும் ஊசி தாளுக்குள் இறங்கியிருக்கும்போது நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி, தாளைத் திருப்பி, மறுபடி ஃபுட்டை இறக்குங்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டைகள் கோட்டில் இருக்கிறதா, தடுமாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

கல்லூரி லேபில் இருக்கும் பவர் மெஷின் வேறு ரகம். வீட்டு மெஷின் நிமிடத்துக்கு ஆயிரம் தையல் போட்டால் அதிகம். தொழிற்சாலை மெஷின் நாலாயிரம், ஐயாயிரம் வரை போகும். கால் பட்டதுமே பாய்ந்துவிடும். அதனால் அங்கேயும் முதல் நாள் தாளில்தான்.

ஊசி மாட்டும்போது ஒன்று பாருங்கள். ஊசியின் ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் நுழையும் பக்கம் அந்தப் பள்ளம் இருக்கவேண்டும். மாறிப்போனால் தையல் விட்டுவிட்டு விழும். பட்டுக்கு 11 நம்பர், சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் துணிக்கு 16 அல்லது 18.

நூல் கோத்ததும் மேலே சிவப்பு, பாபினில் (அடிநூல் சுற்றும் சின்ன உருளை) வெள்ளை என்று இரண்டு நிறம் போட்டுப் பிட்டுத் துணியில் தைத்துப் பாருங்கள். துணியின் மேல்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம், டென்ஷன் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அடியில் சிவப்பு தெரிந்தால் மேல்நூலை இறுக்கவேண்டும்.

படி 3: துணியைத் தெரிந்துகொள்வது

திருபுவனம் பக்கம் தறி இருக்கும் வீட்டில் அனுமதி கேட்டு அரை மணி நேரம் நின்று பாருங்கள். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. நூல் கண்டைச் சுமக்கும் நாடா அங்கும் இங்கும் ஓடிக் குறுக்கே விடுவது ஊடை. அந்த இழுப்பைத் தாங்கவேண்டும் என்பதால் பாவுப் பக்கம் துணி நீளாது. ஊடைப் பக்கம் லேசாகக் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே 45 டிகிரி சாய்வில் இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். கழுத்துக்குப் பைப்பிங் வைக்கும் பட்டியை க்ராஸாக வெட்டுவது அதனால்தான். வடிவத்தில் நீள அம்புக்குறி போட்டிருப்பார்கள். அது துணியின் நெய்த ஓரத்துக்கு (வெட்டிய ஓரத்துக்கு அல்ல) இணையாக இருக்கவேண்டும், அம்பின் இரு முனையிலிருந்தும் ஓரம்வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். கண்ணளவு போதாது.

காடாவை வாங்கியதும் வெட்டக்கூடாது. ஒரு மூலையில் 20 செ.மீ. சதுரம் பேனாவால் வரைந்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளந்து பாருங்கள். 19 ஆகியிருந்தால் 5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. நனைக்காமல் தைத்திருந்தால் 36 அங்குல மார்புச் சுற்றில் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் போயிருக்கும்.

படி 4: கை

உடம்புப் பகுதியை டேப்பும் புத்தகமும் வைத்து எப்படியோ வரைந்துவிடலாம், கையில்தான் எல்லோரும் மாட்டுவோம். திருவாரூர்த் தேரில் சுற்றிலும் தொங்கும் தொம்பையைப் பார்த்திருப்பீர்கள். நீளச் செவ்வகத் துணியை ஓரம் சேர்த்துத் தைத்த உருளை அது. சட்டைக் கையும் அடிப்படையில் ஒரு தொம்பைதான், மேல் விளிம்பு மட்டும் நேராக இல்லாமல் மேடாக வளைந்திருக்கும். அந்த மேடும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. நம் கை முன்னால்தான் அதிகம் போகும், அதனால் முன்பக்க வளைவு சற்று உள்ளே குழிந்திருக்கும். பின்பக்கம் நிறைந்திருக்கும். நான் பட்டில் கோட்டைவிட்டது இங்கேதான்.

பிரவுன் ஷீட்டில் கையை வரைந்ததும் முன்பக்கம் ஒரு சின்ன வெட்டு, பின்பக்கம் இரண்டு வெட்டு அடையாளம் போடுங்கள். பிறகு டேப்பைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி, வளைவின் மேலேயே நகர்த்தி, கையின் மேல் வளைவையும் உடம்பின் அக்குள் வளைவையும் அளந்து பாருங்கள். கை வளைவு அரை முதல் ஒரு அங்குலம் வரை கூடுதலாக இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் தோளில் சுருக்கம் விழும், குறைந்தால் கையைத் தூக்க முடியாது.

இப்போது காடாவில் வெட்டித் தையுங்கள். ஒரு ஜோடி போதாது, நாலு ஜோடி. வெட்டும்போது கத்தரியின் கீழ்வாய் மேஜையை விட்டு எழும்பக்கூடாது. நான் நறுக் நறுக்கென்று வெட்டுவதைப் பார்த்து, எங்கள் தெருத் தையல்கடை மாஸ்டர் "ஏம்மா, வெண்டைக்காயா நறுக்குற? கத்தரிய முழுசா மூடாம முன்னால தள்ளிக்கிட்டே போ" என்றார். அன்றோடு என் ஓரங்களில் இருந்த பல்வரிசை போய்விட்டது.

படி 5: போட்டுப் பார்ப்பது

காடா ஜாக்கெட்டைப் பெரிய தையலில் ஓட்டி, தோழிக்குப் போட்டுப் பாருங்கள். தையலுக்கு விட்ட துணி வெளியே தெரியட்டும், திருத்துவது சுலபம். குறுக்கே இழுபட்ட கோடுகள் விழுந்தால் அந்த இடத்தில் துணி போதவில்லை. மேலும் கீழுமாகத் தொளதொளவென்று மடிப்பு விழுந்தால் துணி மிச்சம். சாய்ந்து ஓடும் சுருக்கம் பெரும்பாலும் இறுக்கமான இடத்தை நோக்கித்தான் ஓடும். துணியின் மேலேயே பேனாவால் எழுதி, பிரித்து, அந்தத் திருத்தத்தைக் காகித வடிவத்துக்கு மாற்றுங்கள். காடாவில் மட்டும் திருத்திவிட்டு வடிவத்தை மறந்துபோனால் அடுத்த முறையும் அதே தப்பு வரும். எனக்கு மூன்று முறை வந்தது.

படி 6: தையல்கடை

லேபில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் மெஷின் கிடைக்கும். மிச்சத்துக்குத் தெருக்கடைதான். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் போகாதீர்கள், மாஸ்டர் நிமிரக்கூட மாட்டார். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண ஜாக்கெட் வேலை குறைந்திருக்கும், அப்போது போய்க் கேளுங்கள். முதலில் ஹெம்மிங்கும் கொக்கி கட்டுவதும்தான் கொடுப்பார்கள். முகம் சுளிக்காமல் செய்யுங்கள், உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கட்டிங் மேஜை நன்றாகத் தெரியும்.

இதெல்லாம் முடிந்து பட்டுக்கு வரும்போது, குண்டூசியைத் தையலுக்கு விட்ட ஓரத்துக்குள்ளேயே குத்துங்கள், பட்டில் ஓட்டை மறையாது. கரை இருக்கும் கையை ஒற்றைத் துணியில் வைத்துக் கோடு போட்டதும், வடிவத்தைப் புரட்டி இரண்டாவது கையையும் வரைந்துவிடுங்கள். உள்ளே சாக்கால் 'வ', 'இ' என்று எழுதி, முன்பக்கக் குழிவுகள் இரண்டும் எதிரெதிராக இருக்கிறதா என்று பார்த்த பிறகு வெட்டுங்கள். மிஞ்சும் துண்டை ஒரு கவரில் போட்டு வையுங்கள். கல்யாணத்துக்கு முதல்நாள் அக்குளில் ஒட்டுப் போடத் தேவைப்படும்.