எம்ஜிபி (MGB, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) காரில் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா?

புது ஃபியூஸ்களை வீணாக்காதீர்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் 12 வோல்ட், 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு இரண்டு ஒயர் வைத்து இணையுங்கள். இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) சூடேறாமலிருக்க அதன் வெள்ளை ஒயரைக் கழற்றிவிட்டு இக்னிஷனைப் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. அந்த ஃபியூஸிலிருந்து பச்சை ஒயர் போகும் இணைப்புகளை (வைப்பர், ஹீட்டர், பிரேக் லைட் ஸ்விட்ச், ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச்) ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் வெளிச்சம் சட்டென்று இறங்குகிறதோ, கோளாறு அந்தக் கிளையில்தான். கியர்பாக்ஸ் பக்கம் போகும் ரிவர்ஸ் லைட் ஒயரை முதலில் பாருங்கள். உரசி, மேலுறை தேய்ந்து, செம்பு வெளியே தெரியும்.

முழு ஷார்ட்டிலும் இந்த பல்பு 2 ஆம்பியருக்கு மேல் விடாது, ஆகவே ஒயர் கருகாது. எவ்வளவு நேரமும் நிதானமாகத் தேடலாம். மங்கலாக எரிந்தால் பயப்பட வேண்டாம், அது டாஷ்போர்டு மீட்டர்கள் இழுக்கும் கரண்ட். 1967 வரை வந்த பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த) கார்களிலும் இதே முறைதான்.

பழுப்பு, வெள்ளை ஒயர்களுக்கு இது உதவாது. இந்தக் காரில் அவற்றுக்கு ஃபியூஸே கிடையாது. அங்கே புகை வந்தால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். லைட் மங்கல், இண்டிகேட்டர் மெதுவாக அடிப்பது போன்றவை பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் இணைப்பு. அதற்கு மல்டிமீட்டர்தான் வேண்டும்.