பாதியில் நிற்கும் ஆட்டத்தை இணையத்தில் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் குழுவோ நிறுவனமோ இல்லாமல் தனித்து இயங்கும் ஆடற்கலைஞருக்கு அரங்கு கிடைப்பது அரிது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு மண்டபத்தை ஒருநாள் எடுத்தாலே வாடகை, ஒலிபெருக்கி, பஸ் செலவு என்று கணக்கு நீண்டுவிடும். அதனால்தான் ஒத்திகையைக் கைத்தொலைபேசியில் எடுத்து முகநூலிலோ யூடியூபிலோ போட்டுக் கருத்துக் கேட்கும் வழக்கம் நம்மிடையே வளர்ந்திருக்கிறது. நல்ல வழக்கம். மன்மதன், ரதி கதையைத் தோட்டங்களில் விரதமிருந்து ஆடும் காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. மாசி மாதத்தில் ஆடுபவரைச் சுற்றி நிற்கும் தோட்டத்து மக்களுக்கு அடவும் பாட்டும் தெரியும். பிசகினால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். கூத்துக் களத்தில் இயல்பாக நடக்கும் அந்தத் திருத்தம் திரையில் தானாக நடந்துவிடாது. அதற்கு நாம் வழிசெய்ய வேண்டும்.

நானே செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கும் அசைவுகளை வைத்து ஒரு தனியாட்டம் அமைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வினாடித் துண்டு ஒன்றைப் பதிவேற்றி, "எப்படி இருக்கிறது?" என்று மட்டும் எழுதினேன். "அருமை", "வாழ்த்துகள்" என்று பின்னூட்டங்கள் குவிந்தன. மனம் குளிர்ந்தது; ஆட்டம் ஓர் அங்குலமும் நகரவில்லை. ஒரு வாரம் கழித்து, எங்கள் தோட்டத்து லய வீடுகளில் நெடுங்காலம் கொழுந்தெடுத்து ஓய்ந்த பெரியம்மா ஒருவரிடம் அதே துண்டைக் காட்டி, "இது வேலை செய்கிற கையாகத் தெரிகிறதா, பெரியம்மா?" என்று கேட்டேன். இரண்டு முறை பார்த்தார். "ஒவ்வொரு கொழுந்தையும் தனித்தனியாகக் கூடையில் போட்டால் எப்போது பிள்ளை கூடை நிறையும்? கை நிறைந்த பிறகுதான் தோளுக்கு மேலே போகும்" என்றார். நான் ஒவ்வொரு பறிப்புக்கும் ஒரு வீச்சு வைத்திருந்தேன். அன்றிரவே ஆறு எண்ணிக்கைக்குக் கை சேர்ப்பது, ஏழாவதில் பின்னால் வீசுவது என்று மாற்றினேன். ஆட்டத்தின் தாளமே வேறாகிவிட்டது.

பொதுவாகக் கேட்டால் பொதுவான பாராட்டுத்தான் கிடைக்கும். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லேர்மன் 1990இல் உருவாக்கிய கருத்துக்கூறல் முறை இங்கே பெரிதும் உதவும். அதில் நான்கு படிகள். முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனதில் தைத்தது எது என்று சொல்கிறார்கள். அடுத்துக் கலைஞர் தம் கேள்விகளைக் கேட்கிறார். பிறகு பார்த்தவர்கள், தீர்ப்பை உள்ளே ஒளித்துவைக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியாகத்தான் அபிப்பிராயம், அதுவும் கலைஞரின் சம்மதம் பெற்ற பிறகு. முழு முறையையும் முகநூலில் நடத்துவது கடினம். ஆனால் காணொளிக்கு மேலே ஒரேயொரு கூர்மையான கேள்வியை எழுதலாமே. "எந்த இடத்தில் உங்கள் கண் விலகியது?" என்று கேட்டுப் பாருங்கள், வருகிற பதிலின் தரமே மாறும்.

இன்னொரு தவறு, முடியாததை முடிந்ததுபோல் அலங்கரிப்பது. முழு உடை, மெதுவாக்கிய ஓட்டம், ஐந்து இடத்தில் வெட்டி ஒட்டிய படம். வெட்டு விழுவது பெரும்பாலும் ஓர் அசைவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில்தான். நம் ஆட்டம் தடுமாறுவதும் அங்கேதான். எதைப் பார்க்கச் சொல்கிறோமோ அதையே மறைத்துவிடுகிறோம். ஒரே ஓட்டமாக எடுத்த படமே ஒத்திகைக்கு ஏற்றது. "இது ஒத்திகை" என்ற சொல்லைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். யாராவது அதை இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மேலே எழுதிய குறிப்பு கூடவே போகாது. அரைகுறை ஆட்டம் உங்கள் பெயரில் முழு ஆற்றுகையாக ஊர் சுற்றும்.

கால்கள் வெட்டுப்பட்ட காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தப்பு என்ற தோற்பறையின் அடிக்கு ஆடும் ஆட்டத்தில் பாதிச் செய்தி பாதத்தில் இருக்கிறது. தொலைபேசியை இடுப்பு உயரத்தில் அசையாமல் நிறுத்தி, பாதத்துக்குக் கீழே ஒரு சாண் தரையும் தெரியும்படி எடுங்கள். மண்டபத்து விளக்கொளியில் படம் முழுவதும் பட்டைகள் ஓடினால் விளக்கைக் குறை சொல்ல வேண்டாம்: நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதற்கு விநாடிக்கு 25 படச்சட்டம் என்ற அமைப்பு பொருந்தும். தப்பைத் தொலைபேசிக்கு அருகில் வைத்தால் ஒலி உடைந்து இரைச்சலாகப் பதியும். நம் மூடுபனியில் தோல் சீக்கிரம் தளர்ந்தும் விடும். ஆகவே தப்பைத் தீயில் காய்ச்சி இறுக்கியவுடன், எடுக்க வேண்டிய பகுதியை முதலில் எடுத்துவிடுங்கள்.

தப்படிப்பவரின் பெயரைப் போடாமல் விடுவது சிறிய மறதி அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பெயரில்லாமலே அடித்தவர்கள் அவர்கள். நம் காணொளியிலும் அது தொடரக் கூடாது. பெயரைப் போடுங்கள், பணம் வந்தால் பங்கு கொடுங்கள். அவர் அடித்ததையே பயன்படுத்தினால் வேறொரு நன்மையும் உண்டு. சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டால், உரிமை கோரல் வந்து ஒலி அணைக்கப்படலாம், காணொளியே தடுக்கப்படலாம். ஊமைப் படத்துக்கு யார் கருத்துச் சொல்வார்கள்?

"திருடிவிடுவார்கள்" என்ற பயத்தில் எதையுமே காட்டாமல் இருப்பவர்களையும் அறிவேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடன அமைப்பையும் பாதுகாக்கப்படும் படைப்பாகவே கருதுகிறது. அதற்குப் பதிவு தேவையில்லை. திகதியோடு உள்ள உங்கள் காணொளி நல்ல சான்றாகவும் உதவும்.

நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றை. யூடியூபில் பட்டியலில் வராதபடி வைத்த காணொளி பூட்டிய காணொளி என்று பலர் நம்புகிறார்கள். இணைப்பு கையில் உள்ள எவரும் அதைப் பார்க்கலாம், பிறருக்கு அனுப்பலாம். தனிப்பட்டது என்று வைத்தால் மட்டுமே நீங்கள் அழைத்தவர்கள் மாத்திரம் பார்க்க முடியும். உடன் ஆடும் இளம்பெண் ஒத்திகை உடையில் இருக்கிறாள், பின்னால் யாருடைய வீட்டு வாசலோ தெரிகிறது, ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. இத்தனை பேரிடமும், குழந்தையின் பெற்றோரிடமும், கேட்டீர்களா? இடுப்பைச் சுற்றிப் படங்குத் துணி கட்டி மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களைப் பின்னணிக் காட்சியாக்குவதும் அப்படித்தான். அவர்கள் வேலைசெய்துகொண்டிருக்கிறார்கள், சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது.

காமன் கூத்திலிருந்து எடுத்தாள்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரதியின் புலம்பல் நமக்கு அசைவுக் களஞ்சியமாகத் தெரியலாம். விரதமிருந்து ஆடுபவருக்கு அது வழிபாடு. பாட்டுப் படிக்கும் பெரியவரிடம் முதலில் காட்டுங்கள். "இதை வெளியே போடாதே" என்று அவர் சொன்னால் போடாதீர்கள்.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டேட்டாவை எண்ணிப் பார்த்துச் செலவழிக்கும் ஊரில் இருபது நிமிட ஒத்திகையை யாரும் திறக்க மாட்டார்கள். இரண்டு நிமிடம் போதும். நேரடியாகப் பேசிக் கருத்துக் கேட்பதென்றால் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்து மாலை நல்லது.

கருத்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போவதுதான் பலரும் செய்கிற தவறு. சொன்னவருக்குத் தம் சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த முறையும் வாய் திறப்பார். மாற்றிய நாற்பது வினாடியை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் மறுபடி போனேன். ஏழாவது எண்ணிக்கையில் கை தோளுக்கு மேலே போனதும் தலையசைத்தார். பிறகு திரையைத் தொட்டு நிறுத்தி, "இடது கை ஏன் சும்மா நிற்கிறது?" என்று கேட்டார்.