வளைந்த பலாப் பலகையை ஜப்பான் இழைப்புளியால் சமமாக்குவது எப்படி?

புதுச்சேரியிலோ கடலூரிலோ மரவேலை பழக ஆரம்பிக்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் வருகிற சிக்கல் இதுதான்: மில்லில் பார்த்தபோது தட்டையாகத் தெரிந்த பலகை, வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்ததும் ஆடுகிறது. திரும்ப மில்லுக்கே எடுத்துப்போய் மெஷினில் விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்போம். கனம் சீராக்கும் பிளேனர் மெஷினின் உருளைகள் பலகையை அழுத்தித் தட்டையாக்கிப் பிடித்துக்கொண்டுதான் இழைக்கும். வெளியே வந்ததும் பலகை பழையபடி வளைந்துகொள்ளும். கனம் ஒரே சீராக இருக்கும், பலகை மட்டும் கோணலாகவே இருக்கும்.

கையால் சமமாக்குவதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். பலகை முழுவதையும் இழைக்கக் கூடாது. மேடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் எடுக்க வேண்டும். முழுவதையும் இழைத்தால் மேடும் பள்ளமும் சேர்ந்தே இறங்கும்; கடைசியில் மெலிந்த கோணல் பலகைதான் மிஞ்சும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பலா மரம். 2 அடி நீளம், 8 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். பண்ருட்டி பக்கத்தில் இருப்பதால் நமக்குப் பலா எளிதாகக் கிடைக்கிறது. நல்ல மஞ்சள் நிறம், எடையும் அதிகமில்லை, கைக்கு இணங்கும். ஆனால் அதன் நார் ஒரே திசையில் ஓடாது. ஒரு பட்டையில் இந்தப் பக்கமும் அடுத்த பட்டையில் எதிர்ப்பக்கமும் சாய்ந்திருக்கும். வேம்பும் அப்படித்தான். அதனால் கருவியைச் சரியாக அமைப்பது ரொம்ப முக்கியம்.

மரம் காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது தச்சர்களின் பொதுக் கணக்கு. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். வேலை செய்யப்போகும் அறையிலேயே பலகையை இரண்டு வாரமாவது சட்டங்களின் மேல் வைத்து, எல்லாப் பக்கமும் காற்றுப் பட விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சமமாக்கிய பலகை பங்குனியில் நிச்சயம் அசையும். நேரம் தேர்ந்தெடுக்க முடிந்தால் தை முதல் வைகாசி வரை நல்லது.

கருவி

ஜப்பான் இழைப்புளிக்கு அவர்கள் மொழியில் கன்னா என்று பெயர். நம் ஆசாரிகளின் மர இழைப்புளியைத் தள்ளி இழைப்போம், கன்னாவை நம்மை நோக்கி இழுத்து இழைக்க வேண்டும். நம்முடையதில் பிளேடை ஆப்பு வைத்து இறுக்குகிறோம். கன்னாவில் பிளேடே ஆப்பு மாதிரி மேலே தடித்துக் கீழே மெலிந்திருக்கும். கட்டையின் இரு பக்கமும் வெட்டிய காடிகளில் அதுவே இறுகி நிற்கும். பிளேடு இரண்டு உலோகங்களால் ஆனது. முதுகுப் பக்கம் மென்மையான இரும்பு, வெட்டும் பக்கம் மெல்லிய கடின எஃகு. அந்த எஃகு கூர்மையை நீண்ட நேரம் தாங்கும்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு, சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதியை வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். அந்தக் கட்டுமானத்தை இங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள 1937-இல் வந்தவர் ஜார்ஜ் நகஷிமா. ஆசிரமத்தில் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார்கள். பிறகு அமெரிக்கா திரும்பியவரை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காக மினிடோகா முகாமில் அடைத்தார்கள். அங்கே இருந்த ஒரு தச்சரிடம்தான் ஜப்பானிய மரபுக் கைக்கருவிகளை முறையாகக் கற்றார். அதன்பின் உலகம் அறிந்த மரச்சாமான் கலைஞரானார். நம் ஊர் வீதிகளில் நடந்த ஒருவர் அந்தக் கருவிகளை அப்படி நேசித்தார் என்பது எனக்குப் பெரிய ஊக்கம்.

சரி, வேலைக்கு வருவோம். இரண்டு கன்னா போதும். ஒன்று முரட்டு வேலைக்கு, இன்னொன்று கடைசி மெருகுக்கு. 65 அல்லது 70 மில்லிமீட்டர் அகலப் பிளேடு நல்லது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண கன்னாவில் பிளேடு ஏறக்குறைய 40 டிகிரியில் சாய்ந்திருக்கும். அது ஜப்பானின் ஊசியிலை மென்மரங்களுக்குப் பொருந்தும். நம் பலா, வேம்பு, தேக்குக்குப் பிளேடு இன்னும் நிமிர்ந்து நிற்கும் கட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள். இவை தவிர ஒரு சிறிய சுத்தியல், நேரான ஸ்டீல் ஸ்கேல், பென்சில், ஒரே அளவில் கோடு இழுக்கும் மார்க்கிங் கேஜ், தண்ணீர் விட்டுத் தீட்டும் 1000, 6000 எண் கற்கள், ஒன்றரை அடி நீளத்தில் ஒரே மாதிரி இரண்டு நேர்க்கட்டைகள்.

பிளேடைத் தீட்டுவது

பிளேடின் பின்பக்கத்தில், அதாவது சரிவு இல்லாத தட்டைப் பக்கத்தில், நடுவே லேசாகக் குழித்திருப்பார்கள். குழியைச் சுற்றியுள்ள விளிம்பு மட்டும் கல்லில் படும். முனைக்கு அருகே அந்த விளிம்பு சுத்தமாகத் தட்டையாக இருக்க வேண்டும். அப்புறம் சரிவுப் பக்கத்தை 1000 கல்லில், முனை முழுக்கப் பிசிறு தட்டுப்படும்வரை தீட்டுங்கள். 6000 கல்லில் மெருகேற்றி, பின்பக்கத்தைத் தட்டையாக வைத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். நம் மரங்களுக்குச் சரிவு 30 டிகிரி இருக்கட்டும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சூட்டில் எஃகின் பதம் போய்விட்டால் அந்த இடம் மறுபடி கூர்மை தாங்காது. தேக்கு இழைப்பவர்கள் அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். தேக்கில் இருக்கும் சிலிக்கா முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

பிளேடை அமைப்பது

பிளேடின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் முனை கீழே இறங்கும். மேலே ஏற்ற வேண்டுமானால், கட்டையின் பின்முனையில் சரிவாகச் சீவியிருக்கும் மேல் விளிம்பைத் தட்ட வேண்டும். நடுவில் தட்டக் கூடாது, கட்டை பிளக்கும். இடது, வலது என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். கன்னாவைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பரப்பு வழியாக ஒரு கண்ணால் பாருங்கள். பிளேடின் முனை மெல்லிய கறுப்புக் கோடாக, இரு பக்கமும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தூக்கலாக இருந்தால் பிளேடின் தலையைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள்.

பிளேடின் மேல் உட்காரும் இரண்டாவது சிறு தகடுதான் பலா மரத்தில் உங்களைக் காப்பாற்றும். சீவல் மேலே வரும்போது இந்தத் தகடு அதை உடனே மடக்கிவிடும். அதனால் நார் முன்னோக்கிப் பிளந்துகொண்டு போகாது. தகடு முனைக்கு எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதை ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தில் கேமரா வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். மெருகு கன்னாவில் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர், அதாவது முனையில் ஒரு மெல்லிய வெள்ளிக்கோடு மட்டும் தெரியும் இடைவெளி. முரட்டு கன்னாவில் ஒரு மில்லிமீட்டர் வரை விடலாம்.

பிளேடு கட்டைக்குள் மிகவும் இறுகினால் ஓங்கி அடிக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கட்டை ஊதியிருக்கும். பிளேடின் முதுகில், அதாவது சரிவு உள்ள பக்கத்தில், பென்சில் தேய்த்து, உள்ளே நுழைத்து, வெளியே எடுங்கள். கட்டையில் கறுத்த இடம்தான் இடிக்கும் இடம். அதை மட்டும் உளியால் சுரண்டுங்கள்.

அடிப்பரப்பு

தொடக்கக்காரர்கள் அதிகம் தாண்டிப்போவது இதைத்தான். கன்னாவின் கட்டை வெள்ளை ஓக் மரம். அதுவும் மரம்தானே, காற்றின் ஈரத்துக்கு அசையும். கருவி கோணலாக இருந்தால் பலகையும் கோணலாகத்தான் வரும்.

பிளேடை உள்ளேயே வைத்து, முனையை மட்டும் வெளியே தெரியாதபடி ஏற்றிக்கொள்ளுங்கள். பிளேடு இல்லாமல் சோதித்தால் பயனில்லை, அதன் இறுக்கமே கட்டையைக் கொஞ்சம் வளைக்கும். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாள் ஒட்டி, அடிப்பரப்பு முழுக்கச் சமமாகும்வரை தேயுங்கள். அப்புறம் சில இடங்களை விட்டுவிட்டு மற்றதை, நிமிர்த்திப் பிடித்த உளி முனையால் குறுக்கே சுரண்டி ஒரு தாள் கனம் தாழ்த்த வேண்டும். பலகையை நேராக்கும் கன்னாவில் மூன்று இடம் பலகையைத் தொட வேண்டும்: உங்கள் பக்கத்து முனை, பிளேடின் வாய்க்கு முன்னால் ஒரு பட்டை, பின்முனை. மெருகு கன்னாவில் முதல் இரண்டு மட்டும் தொட்டால் போதும். மற்ற இடமெல்லாம் காற்று. இதை ஒவ்வொரு பெரிய வேலைக்கு முன்பும், மழைக்காலத்தில் ஒவ்வொரு வாரமும் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பலகையைப் படிப்பது

குழிந்த பக்கம் மேலே இருக்கட்டும். கீழே ஆடாமலிருக்கச் சின்னச் சின்ன ஆப்புகள் கொடுங்கள். இப்போது இரண்டு நேர்க்கட்டைகளையும் பலகையின் இரு முனைகளில் குறுக்காக வையுங்கள். குனிந்து, முன்கட்டையின் மேல்விளிம்பு வழியாகப் பின்கட்டையைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் இணையாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால், எதிரெதிர் மூலைகள் இரண்டு மேடாக இருக்கின்றன. அந்த இரண்டையும் பென்சிலால் கிறுக்கி அடையாளமிடுங்கள்.

அடுத்து ஸ்கேலைக் குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை என்று நிமிர்த்தி வைத்து, அடியில் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். ஜன்னலைப் பார்த்தபடி நின்றால் தெளிவாகத் தெரியும். வெளிச்சம் வராத இடம் மேடு. அங்கேயும் கிறுக்குங்கள். எங்கள் பலகையில் எடுக்க வேண்டியது பெரும்பாலும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கனத்துக்குள்தான் இருக்கும். அதற்கு மேல் முறுக்கினால் பலகையைக் குட்டையாக அறுத்துப் பயன்படுத்துவது மேல்.

முரட்டு இழைப்பு

இழுத்து இழைப்பதால் பலகையைத் தடுக்கும் கட்டை உங்கள் பக்கத்து முனையில் இருக்க வேண்டும். தள்ளி இழைத்துப் பழகியவர்கள் இதை மாற்றி வைத்துவிடுவார்கள். தரையில் உட்கார்ந்தும் செய்யலாம், இடுப்புக்குக் கொஞ்சம் கீழான மேஜையிலும் செய்யலாம். வலது கை பிளேடுக்கு முன்னால் கன்னாவின் கட்டையைப் பற்றட்டும்; இடது கை பிளேடின் பின்புறத்தை அணைத்தபடி அழுத்தட்டும். கையால் மட்டும் இழுத்தால் அரைமணியில் தோள் போய்விடும். முழங்கையை மடக்காமல் உடம்பைப் பின்னால் சாய்த்து இழுங்கள்.

குறுக்காக இழைக்கும்போது கன்னா வெளியேறும் விளிம்பு, அதாவது உங்கள் பக்கத்து விளிம்பு, சிராய் சிராயாகப் பிய்யும். முதலிலேயே அந்த விளிம்பைச் சரிவாகச் சீவிவிடுங்கள்.

இப்போது முரட்டு கன்னாவால், கிறுக்கிய இடத்தில் மட்டும், நாருக்குக் குறுக்காகவோ 45 டிகிரி சாய்வாகவோ இழையுங்கள். முறுக்கு இருந்தால் மேடான ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக. கிறுக்கல் மறைந்ததும் நிறுத்துங்கள். இன்னும் நாலு இழுப்பு இழுக்கலாமே என்று கை துடிக்கும். வேண்டாம், நேர்க்கட்டைகளை எடுங்கள், மறுபடி பாருங்கள், மறுபடி கிறுக்குங்கள். நேரத்தில் பாதி பார்ப்பதற்கே போகும், அது சரியான அளவுதான்.

நெடுக்கு இழைப்பும் மெருகும்

முறுக்கு போய், குறுக்கே வெளிச்சம் வராமல் ஆனதும் நார் போகும் திசையில் இழைக்கலாம். பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். நார்க்கோடுகள் உங்களை நோக்கி வர வர மேல்நோக்கி ஏறினால் அந்தத் திசை சரி. இறங்கினால் பலகையை முனை மாற்றித் திருப்பிப் போடுங்கள். பலாவில் எப்படிப் போட்டாலும் எங்காவது எதிர்நார் வரும். அங்கே சீவலை மெலிதாக்கி, கன்னாவைக் கொஞ்சம் சாய்த்து இழுத்துப் பாருங்கள். பிய்கிற சத்தம் வந்தால் பிளேடைத் தீட்டும் நேரம் வந்துவிட்டது.

முழு நீளத்துக்கும் அறுபடாத சீவல் வரத் தொடங்கினால் அந்தப் பட்டை நேராகிவிட்டது. பக்கத்துப் பட்டைக்கு நகருங்கள், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி. கடைசியாக மெருகு கன்னா. சீவலின் வழியாக விரல் தெரியும் அளவுக்கு மெலிதாக வைத்து, பலகை முழுக்க ஒரே ஒரு முறை. மேடு பார்க்காமல் முழுப் பரப்பிலும் இழைக்க அனுமதி உள்ள ஒரே கட்டம் இதுதான். ஜப்பானில் கெசுரோகாய் என்ற கூடுகையில் பத்து மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) மெலிதாகச் சீவல் எடுக்கிறார்கள். நமக்கு அது தேவையில்லை, உப்புத்தாள் போடாமலே பலாவின் மஞ்சள் பளபளத்தால் போதும்.

மறுபக்கம்

சமமான முகத்தில் மார்க்கிங் கேஜை வைத்து, நான்கு ஓரத்திலும் வேண்டிய கனத்துக்குக் கோடு இழுங்கள். மறுபக்கத்தை அந்தக் கோடு வரை அதே முறையில் இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு எடுப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக எடுத்தால் உள்ளிருந்த ஈரம் வெளிப்பட்டுப் பலகை மறுபடி வளையும்.

முடிந்ததும் பலகையை சிமெண்ட் தரையில் படுக்க வைக்காதீர்கள். சுவரில் சாய்த்தோ சட்டங்களின் மேலோ, இரு பக்கமும் காற்றுப் பட வையுங்கள். ஜப்பானில் பிளேடுக்குக் கமேலியா எண்ணெய் பூசுவார்கள். இங்கே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், ஆனால் கடற்கரை வீடுகளில் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. பிளேடின் முனையைக் கட்டைக்குள் ஏற்றி வையுங்கள், முழுக்க இறுக்க வேண்டாம். மறுநாள் காலையில் நேர்க்கட்டைகளை வைத்துப் பலகையை இன்னொரு தரம் பாருங்கள். லேசாக அசைந்திருந்தால் மெருகு கன்னாவால் மேட்டை மட்டும் எடுத்துவிட்டு, அன்றே இணைப்பு வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.