தடித்த சாய்வு ஸ்லாப் எழுத்தை இப்படிப் போடாதீர்கள்

ஸ்லாப் செரிஃப் என்பது, கோடுகளின் முனையில் மெல்லிய கொக்கி இல்லாமல் கட்டை வைத்த மாதிரி கனமான பாதங்கள் இருக்கும் எழுத்து. 1810களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் போன்ற அச்செழுத்து வார்ப்பவர்கள் இதை வார்த்த காலத்திலேயே விளம்பரத் தாள்களில்தான் அதிகம் பயன்பட்டது. தெருவில் போகிறவர் நின்று பார்க்க வேண்டுமே. தடிப்பாக்கிச் சாய்க்கும்போது அந்தக் கனத்தோடு ஓட்டமும் சேர்ந்துவிடும். விளையாட்டு அணியின் பெயர், கடைப் பலகை, பத்திரிகைத் தலைப்பு என்று நாலைந்து வார்த்தைக்கு இதைவிட நல்ல எழுத்து எனக்குத் தெரியாது. அதனால்தான் தப்பாகப் போட்டிருப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

நான் அடிக்கடி பார்ப்பது பொய்ச் சாய்வு. ரோபோட்டோ ஸ்லாப் என்ற எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்துருக்களை இலவசமாகத் தரும் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் அதற்குச் சாய்வு வடிவமே கிடையாது, ஆனால் இட்டாலிக் பட்டனை அழுத்தினால் மென்பொருள் நேர் எழுத்தையே பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்துக் கொடுத்துவிடும். தள்ளியதும் வட்டமான எழுத்துகளின் வலது மேல்பக்கமும் இடது கீழ்ப்பக்கமும் பெருத்து, மற்ற இரண்டு மூலைகளும் இளைத்துப் போகும். மெல்லிய எழுத்தில் இது பெரிதாகத் தெரியாது, தடித்த ஸ்லாப்பில் அப்பட்டமாகத் தெரியும். உண்மையான சாய்வில் எழுத்தை வடிவமைத்தவரே அந்த வளைவுகளையும் பாதங்களையும் கையால் திருத்தியிருப்பார். ஆர்வோ, பிட்டர், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லாவுக்காக 2017இல் வந்த ஸில்லா ஸ்லாப் என்ற மூன்று ஸ்லாப் எழுத்துருக்களிலும் தடித்த சாய்வு தனியாகவே இருக்கிறது, மூன்றும் இலவசம். அப்புறம் எதற்குப் பொய்ச் சாய்வு? இணையதளம் செய்பவர்கள் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் குறியீட்டில் ஃபான்ட் சிந்தசிஸ் (font-synthesis) என்ற அமைப்பை அணைத்துவிட்டால் பிரவுசர் தானாகச் சாய்க்காது.

தமிழ் கலந்த வரியில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. மேலே சொன்ன எழுத்துருக்களில் தமிழ் இல்லை, அதனால் கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்து அதையும் வலுக்கட்டாயமாகச் சாய்க்கும். ண, ன சுழிகள் நசுங்கிக் கிடக்கும். தமிழை நேராக, தடிப்பாக மட்டும் விடுங்கள், சாய்வு ஆங்கிலச் சொல்லோடு நிற்கட்டும்.

முழுப் பத்தியையும் இதில் போடவே போடாதீர்கள். எல்லாமே கனமாக இருந்தால் எதில் கண் நிற்கும்? அதேபோல் அடிக்கோடும் வேண்டாம், பாதங்களோடு ஒட்டிக்கொண்டு ஒரே கறையாகத் தெரியும்.

எழுத்துகளை நெருக்குவதிலும் கவனம் வேண்டும். செரிஃப், அதாவது முனைப் பாதம், இல்லாத எழுத்தில் பழகியவர்கள் தலைப்பு என்றதும் இடைவெளியைக் குறைத்துவிடுவார்கள், இங்கே அப்படிச் செய்தால் பக்கத்துப் பக்கத்துப் பாதங்கள் முட்டிக்கொள்ளும். பெரிய அளவில் கொஞ்சம் குறைக்கலாம், சின்ன அளவில் கூட்டத்தான் வேண்டும்.

ஒருமுறை அழைப்பிதழ் ஒன்றில் அரக்குப் பின்னணியில் வெள்ளையாக, 8 புள்ளி (பாயின்ட்) என்ற சின்ன அளவில் இதைப் போட்டேன். திரையில் அழகாக இருந்தது. அச்சாகி வந்தபோது மை பரவி, மெல்லிய இணைப்புகள் எல்லாம் அடைபட்டு, தேதியைப் படிக்கவே முடியவில்லை. இப்போதெல்லாம் அச்சடிக்கப் போகும் அதே தாளில், அதே அளவில், ஒரு பிரதி எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பார்த்த பிறகுதான் ஃபைலை அனுப்புகிறேன்.