செம்மண் தோட்டத்துக்கு அடுப்புக்கரி

காரைக்குடிப் பக்கத்துச் செம்மண்ணில் எவ்வளவு எரு இட்டாலும், ஓரிரு மழைக்காலத்துக்குள் அதன் சத்து கரைந்துபோவதைத் தோட்டம் வைத்திருப்போர் அறிவர். இங்கைவிட மிக அதிக மழை பெய்யும் அமேசான் காட்டு மண்ணும் இயல்பில் சத்துக் குறைந்ததே. ஆயினும் அங்கே பழங்குடியினர் கரி, எலும்பு, மீன் கழிவு, உடைந்த மட்பாண்டம் ஆகியவை சேரச்சேர உருவாக்கிய ‘டெர்ரா பிரேட்டா’ என்னும் கருமண், பல நூற்றாண்டுகள் கடந்தும் வளமாகவே இருக்கிறது. சுற்றியுள்ள மண்ணிலும் காட்டுத்தீயால் கொஞ்சம் கரி உண்டு என்றாலும், கருமண்ணில் அதைவிட 70 மடங்கு வரை கூடுதலாக அளந்திருக்கிறார்கள். நுண்ணுயிர்களால் கரியை எளிதில் சிதைக்க முடியாது. காலப்போக்கில் ஆக்சிஜன் பட்டு மாறும் அதன் விளிம்புகள் கால்சியம், பொட்டாசியம் போன்ற சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

ஆகவே விசேஷ வீட்டுக் கோட்டை அடுப்பில் மிஞ்சும் சீமைக்கருவேலங்கரியை, அது சாம்பலாகும் முன் நீர் தெளித்து அணைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கரித்தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், ஈரமாகவே சாக்கில் கட்டி இடித்துப் பட்டாணி அளவுக்கு உடையுங்கள். வெறுங்கரியை நேரே போட்டால் அது முதலில் தழைச்சத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளக்கூடும். எனவே நீர் கலந்த கோமியத்தில் ஊறவைத்து, மக்கிய எருவோடு சில வாரங்கள் கலந்து வைத்த பிறகே கத்தரிக்கும் முருங்கைக்கும் இடுங்கள். கரிக்குப் பதிலாகச் சாம்பலை அள்ளிக் கொட்ட வேண்டாம். அது மண்ணின் காரத்தன்மையை உயர்த்திவிடும்.